ஆறு புரொஜெக்டர், ஒரு கணினி: ஏணியும் ரிமோட்டும் இல்லாமல் இயக்குவது எப்படி

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கண்காட்சிக் கூடத்தின் கூரையில் ஆறு புரொஜெக்டர்கள். நான்கு புதியவை, இரண்டு பழையவை; எல்லாம் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பும் இல்லை. தினமும் காலையில் ஒருவர் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் கீழும் போய் நிற்கிறார், மாலையில் மறுபடியும் அதே சுற்று. இதைக் கணினியிலிருந்தே செய்ய முடியுமா? அதற்கென்று விலை உயர்ந்த கட்டுப்பாட்டுக் கருவி வாங்கித்தான் ஆக வேண்டுமா? அல்லது டைமர் வைத்து மின்சாரத்தையே நிறுத்திவிடலாமா?

முடியும். வாங்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்குள் டைமரை மாட்டிவிடாதீர்கள்.

முதல் வேலையாக ஏணி போட்டு ஏறி, ஆறு புரொஜெக்டர்களின் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே மாடல் எண் இருக்கும் ஒட்டுச்சீட்டையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு முறை ஏற வேண்டியிருக்கும். அந்தப் படங்களில் தேட வேண்டியது இரண்டே இரண்டு: லேன் துளை (நெட்வொர்க் கேபிள் செருகும் துளை) இருக்கிறதா, ஒன்பது ஊசி கொண்ட சீரியல் துளை (ஆர்எஸ்-232) இருக்கிறதா. படம் போகும் வழி வேறு, கட்டளை போகும் வழி வேறு என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் ஏற்கெனவே கணினிக்கு வருகிறதே, அதிலேயே அணைக்கும் கட்டளையும் போகாதா என்று பலரும் கேட்பார்கள். எச்டிஎம்ஐக்குள் சிஇசி என்றொரு கட்டளைத் தடம் இருப்பது உண்மை. ஆனால் சாதாரணக் கணினிகளின் கிராபிக்ஸ் அட்டைகள் பெரும்பாலும் அந்தத் தடத்தைப் பயன்படுத்துவதே இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்காக வந்த ஏற்பாடு அது. ஆறு புரொஜெக்டர்களுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

லேன் துளையில் ஒரு குழப்பம் வரும். எச்டிபேஸ்டி துளையும் பார்வைக்கு அச்சு அசலாக லேன் துளை போலவே இருக்கும். அது படத்தையும் கட்டளையையும் சேர்த்து ஒரே நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் வரை கொண்டு போகும் தனி ஏற்பாடு. அதிலிருந்து ஒரு கேபிளை எடுத்துச் சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சில் செருகினால் பெரும்பாலும் எதுவும் நடக்காது, நீங்கள் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். துளைக்கு மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிட்டுச் செருகுங்கள். எச்டிபேஸ்டி அனுப்புப் பெட்டி ஏற்கெனவே உங்கள் கூடத்தில் இருந்தால் அது லாபம்தான். பல பெட்டிகளில் சீரியல் துளையும் லேன் துளையும் இருக்கும். புதிதாகக் கேபிள் இழுக்காமல் கட்டளையையும் அதன் வழியே அனுப்பிவிடலாம்.

அடுத்தது, யாரும் முதலில் பார்க்காத ஒன்று: புரொஜெக்டரின் ஓய்வு நிலை அமைப்பு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிய புரொஜெக்டர்களில் பல, அணைந்ததும் நெட்வொர்க் அட்டையையும் சேர்த்தே தூங்க வைத்துவிடும். ஓய்வில் இருக்கும்போது அரை வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. விளைவு என்னவென்றால், கணினியிலிருந்து அணைக்க முடியும், திரும்ப எழுப்ப முடியாது. முதல் நாள் சோதனை அருமையாக வேலை செய்யும். மறுநாள் காலை ஆறும் செத்த மாதிரி கிடக்கும். மெனுவில் ஓய்வு நிலை என்ற பகுதிக்குப் போய், நெட்வொர்க் விழித்திருக்கும் வகையை ஒவ்வொரு புரொஜெக்டரிலும் தேர்ந்தெடுங்கள். எப்சனில் 'தொடர்பு இயக்கத்தில்' என்ற பொருளிலும், பானசோனிக்கில் சிக்கனம், இயல்பு என்ற இரண்டில் இயல்பு என்றும் இருக்கும். மற்ற நிறுவனங்களில் பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகப் போகும். அதற்கு ஈடாக ஏணி மிச்சம்.

இப்போது மொழிக்கு வருவோம். வெவ்வேறு நிறுவனப் புரொஜெக்டர்களுக்கு ஒரே மொழியில் கட்டளை கொடுக்க முடிவது பிஜேலிங்க் என்ற பொது வரையறையால்தான். ஜப்பானின் அலுவலக இயந்திரத் தொழில் சங்கமான ஜேபிஎம்ஐஏ உருவாக்கியது. எப்சன், பானசோனிக், என்இசி, சோனி என்று லேன் துளை உள்ள பெரும்பாலான புரொஜெக்டர்கள் இதைப் புரிந்துகொள்ளும். மெனுவில் பிஜேலிங்க் என்று ஒரு வரி இருக்கும், சிலவற்றில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இயக்கிவிடுங்கள்.

உள்ளே நடப்பது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. புரொஜெக்டரின் ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) 4352 என்ற டிசிபி போர்ட்டுக்கு, அதாவது கட்டளை நுழையும் வாசலுக்கு, இணைப்பு போடுகிறீர்கள். அது உடனே ஒரு வரி வணக்கம் சொல்லும். அந்த வரியில் 0 இருந்தால் கடவுச்சொல் தேவையில்லை. 1 இருந்தால், பக்கத்திலேயே எட்டு எழுத்தில் ஓர் எண்ணையும் தரும், ஒவ்வொரு இணைப்புக்கும் அது மாறும். அந்த எண்ணையும் உங்கள் கடவுச்சொல்லையும் ஒட்டி, எம்டி5 முறையில் 32 எழுத்துக் கையொப்பமாக மாற்றி, முதல் கட்டளையின் தலையில் வைத்து அனுப்ப வேண்டும். அப்புறம் கட்டளை: சதவீதக் குறி, 1 என்ற வகுப்பு எண், நான்கு ஆங்கில எழுத்தில் கட்டளையின் சுருக்கப் பெயர், ஓர் இடைவெளி, அதன் பின் மதிப்பு. மின்சாரக் கட்டளையில் மதிப்பு 1 என்றால் இயக்கு, 0 என்றால் அணை, கேள்விக்குறி போட்டால் 'இப்போது என்ன நிலை?' என்று அர்த்தம். அவ்வளவுதான் மொழி. வரியின் முடிவில் மட்டும் கவனமாக இருங்கள். பிஜேலிங்க் எதிர்பார்ப்பது பழைய தட்டச்சு இயந்திரத்தின் வண்டித் திருப்பக் குறி, அதாவது 13ஆம் எண் எழுத்து ஒன்று மட்டும். பல சோதனை மென்பொருள்கள் அதோடு புதுவரிக் குறியையும் சேர்த்து அனுப்பும். சில புரொஜெக்டர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும், சில முறைத்துக்கொண்டு பிழை என்று திருப்பி அனுப்பும்.

நீங்கள் கட்டளை அனுப்பியதும் 'சரி' என்று ஒரு பதில் வரும். இந்தச் 'சரி'யை நம்பித்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 'கட்டளை கிடைத்தது, ஏற்றுக்கொண்டேன்' என்பது மட்டும்தான் அதன் பொருள். விளக்கு எரிகிறது என்றோ அணைந்தது என்றோ அது சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நீங்கள்தான் மறுபடி கேட்க வேண்டும். கேட்டால் நான்கு பதில்களில் ஒன்று வரும்: 0 என்றால் ஓய்வு, 1 என்றால் எரிகிறது, 2 என்றால் ஆறிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் சூடேறிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசி இரண்டு நிலைகளும்தான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். சூடேறும்போது அணைக்கச் சொன்னால் கேட்காது, ஆறும்போது இயக்கச் சொன்னாலும் கேட்காது. 'இப்போது முடியாது' என்று மூன்றாம் வகைப் பிழையைத் திருப்பும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. முதன்முதலில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தானாக அனுப்பும் சின்ன நிரல்) எட்டு புரொஜெக்டர்களுக்கும் வரிசையாக அணைக்கும் கட்டளையை அனுப்பும், கடைசியில் 'முடிந்தது' என்று எழுதும். பதிலைப் படிக்கவே படிக்காது. ஒரு நாள் மாலை, கூடத்தை மூடுகிற நேரத்தில் யாரோ ஒருவர் ஒன்றை ரிமோட்டால் போட்டுவிட்டார். அது சூடேறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் என் ஸ்கிரிப்ட்டும் ஓடியது. 'இப்போது முடியாது' என்று அது ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. காது கொடுத்துக் கேட்க ஆளில்லை. விடிய விடிய வெற்றுச் சுவரில் நீலத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் அறைக் கதவைத் திறந்தபோது அடித்த சூடு இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் ஸ்கிரிப்ட்டை இப்படி அமையுங்கள். கட்டளையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், கேள்வியிலிருந்து ஆரம்பியுங்கள். அணைக்க வேண்டுமா? முதலில் நிலையைக் கேளுங்கள். 0 என்றால் செய்ய ஒன்றுமில்லை. 1 என்றால் அணைக்கச் சொல்லுங்கள். 2 என்றால் ஏற்கெனவே அணைந்துகொண்டிருக்கிறது, காத்திருங்கள். 3 என்றால் சூடேறி முடியட்டும் என்று காத்திருந்து, 1 ஆனதும் அணைக்கச் சொல்லுங்கள். பத்து நொடிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருந்து, 0 என்று வந்த பிறகுதான் அந்தப் புரொஜெக்டருக்கு நேரே பச்சைக் குறி போட வேண்டும். ஐந்து நிமிடமாகியும் வரவில்லையென்றால் சிவப்புக் குறி, கூடவே யாருக்காவது ஒரு செய்தி போக வேண்டும். இயக்குவதற்கும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். பைத்தான் தெரிந்தவருக்கு இது ஒரு மதிய வேலை. எம்டி5 உட்பட எல்லாம் அந்த மொழியோடு வரும் நூலகத்திலேயே இருக்கிறது.

எழுதும்போது இரண்டு விஷயம். ஒன்று, இணைப்புக்கும் பதிலுக்கும் மூன்று முதல் ஐந்து நொடி வரை காலக்கெடு வையுங்கள். வைக்காவிட்டால், யாரோ கேபிளைப் பிடுங்கிய ஒரு புரொஜெக்டருக்காக ஸ்கிரிப்ட் அங்கேயே உட்கார்ந்துவிடும், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவை எல்லாம் காத்துக் கிடக்கும். இன்னொன்று, வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். 30 நொடி பேச்சில்லாமல் இருந்தால் புரொஜெக்டரே துண்டித்துவிடும் என்பது வரையறையில் இருக்கிறது. ஆனால் பல புரொஜெக்டர்கள் ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைத்தான் ஏற்கும். உங்கள் கணினி பிடித்துக்கொண்டே இருந்தால், பக்கத்து அறையிலிருந்து வேறொருவர் கேட்கும்போது பதில் கிடைக்காது. நொடிக்கு ஒரு முறை நிலையைக் கேட்பதும் வேண்டாம். இந்த நெட்வொர்க் அட்டைகள் பெரிய பலசாலிகள் இல்லை. ஓயாமல் கேட்டால் சில உறைந்துபோகும், மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டால்தான் எழும். சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் போதும்.

ஆறையும் ஒரே நொடியில் எழுப்ப வேண்டாம். ஒவ்வொன்றும் எழும்போது ஒரு கணம் வழக்கத்தைவிடக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஆறும் ஒரே சுற்றில் இருந்தால் பிரேக்கர் விழ வாய்ப்பிருக்கிறது. இரண்டு மூன்று நொடி இடைவெளி விட்டு வரிசையாக எழுப்பினால் பிரச்சினை இல்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

உள்ளீடு மாற்றுவதில் ஒரு சின்னச் சிக்கல். பிஜேலிங்க்கில் உள்ளீட்டுக்கு இரண்டு இலக்க எண். முதல் இலக்கம் வகையைச் சொல்லும்: 1 கணினி ஆர்ஜிபி, 2 வீடியோ, 3 டிஜிட்டல், 4 சேமிப்பு, 5 நெட்வொர்க். இரண்டாவது அந்த வகைக்குள் எத்தனையாவது என்பது. முதல் எச்டிஎம்ஐ துளை 31ஆக இருக்கும் என்று நினைப்போம். டிவிஐ துளையும் சேர்ந்திருக்கும் மாடலில் அது 32ஆகவும் இருக்கலாம். ஊகிக்க வேண்டாம், 'என்னென்ன உள்ளீடு உண்டு?' என்று கேட்கவே தனிக் கட்டளை இருக்கிறது. ஆறிடமும் கேட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் பிஜேலிங்க்கில் இருக்கின்றன, இலவசமாகக் கிடைக்கும் வைரம் மாதிரி. ஒன்று பிழை நிலை. ஆறு இலக்கத்தில் பதில் வரும்: விசிறி, லேம்ப், வெப்பம், மூடி திறந்திருத்தல், வடிகட்டி, மற்றவை என்ற வரிசையில். 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 பழுது. ஐந்தாவது இலக்கம் 1 ஆகும்போதே வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டால், கூட்டம் நிறைந்த நாளில் வெப்பத்தால் தானாக அணைந்துபோகும் அவமானம் வராது. மற்றொன்று லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பது. இரண்டு படங்களை ஓரம் சேர்த்து ஒரே பெரிய படமாகக் காட்டுகிற இடமாக இருந்தால், இந்த எண்ணைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். ஒன்று புது லேம்ப், மற்றது பழையது என்றால் வெளிச்சமும் நிறமும் ஒட்டாது. எத்தனை திருகினாலும் நடுவில் கோடு தெரியும். லேசர் புரொஜெக்டரில் லேம்ப் இல்லையென்பதால் இந்தக் கேள்விக்குச் சில மாடல்கள் பிழை என்று பதில் தரும், பயப்பட வேண்டாம்.

நிகழ்ச்சிக்கு நடுவே கொஞ்ச நேரம் திரை இருட்டாக வேண்டும் என்றால் அணைக்காதீர்கள், மறைப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். 31 என்று அனுப்பினால் படமும் ஒலியும் மறையும், 30 என்றால் திரும்ப வரும். படத்தை மட்டும் மறைக்க 11, திரும்பக் கொண்டுவர 10. உடனே நடக்கும், ஆறும் கிட்டத்தட்ட ஒன்றாகவே மறையும். ஆனால் எல்லா மறைப்பும் முழு இருட்டு இல்லை. சில மாடல்கள் கருப்புப் படத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும், விளக்கு பின்னால் எரிந்துகொண்டே இருக்கும். இருட்டறையில் அது சாம்பல் நிறச் செவ்வகமாகத் தெரியும், நாடக மேடையில் என்றால் மானத்தை வாங்கிவிடும். உள்ளே ஷட்டர் உள்ள மாடலில் வெளிச்சமே அடைபடும். லேசர் மாடல்கள் பலவற்றில் ஒளி மூலமே அணைந்து நொடியில் திரும்பும்.

சரி, அந்த இரண்டு பழைய புரொஜெக்டர்கள். லேன் இல்லை, சீரியல் துளை இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே பொது மொழி கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் மொழி பேசும். எப்சன் கிட்டத்தட்ட வெறும் ஆங்கிலச் சொற்களாகக் கேட்கும், கட்டளை முடிந்ததும் ஒரு முக்காற்புள்ளியைத் திருப்பி அனுப்பும். பானசோனிக் மூன்றெழுத்துக் கட்டளையின் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எல்லைக் குறிகளைக் கேட்கும். பென்க்யூ கட்டளையை நட்சத்திரக் குறிக்கும் வேலிக் குறிக்கும் நடுவே எதிர்பார்க்கும். ஆப்டோமா வளைகோட்டுக் குறியோடு ஆரம்பித்து, புரொஜெக்டரின் இரண்டு இலக்க அடையாள எண்ணையும் கேட்கும்; 00 என்று போட்டால் எண் எதுவானாலும் கேட்டுக்கொள்ளும். கையேட்டின் பின்பகுதியிலோ தனிக் கோப்பாகவோ கட்டளைப் பட்டியல் கிடைக்கும். வேகமும் அதில்தான் இருக்கும். பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட் வேகம், எட்டு பிட், சமநிலை பிட் இல்லை, ஒரு நிறுத்த பிட். ஆனால் 115200 வைத்திருப்பவையும் உண்டு. வேகம் தவறினால் பதிலாகக் குப்பை எழுத்துகள் வரும், அல்லது மௌனம்.

மௌனத்துக்கு இன்னொரு காரணம் கேபிள். சீரியல் கேபிளில் நேர் கேபிள், குறுக்குக் கேபிள் என்று இரண்டு வகை. குறுக்கு வகையில் இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும் இடம் மாறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த மாடலுக்கு எது என்று கையேடு சொல்லும். நானென்றால் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணி ஏறுவேன். நீளமும் முக்கியம். ஆர்எஸ்-232க்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 15 மீட்டர். 9600 வேகத்தில் நல்ல கேபிள் அதைத் தாண்டியும் வேலை செய்யும், ஆனால் கூரைக்குள் புதைக்கப்போகிற கேபிளில் அப்படிச் சூதாட வேண்டாம்.

கணினியில் யுஎஸ்பி-சீரியல் மாற்றி செருகுவது எளிய வழி. ஒரே ஒரு புரொஜெக்டருக்கு அது போதும். இரண்டு மாற்றிகளைச் செருகிவிட்டு, ஒரு நாள் யாரோ துளை மாற்றிச் செருகினால் விண்டோஸ் வேறு எண் கொடுத்துவிடலாம், அப்போது உங்கள் ஸ்கிரிப்ட் தவறான புரொஜெக்டருடன் பேசிக்கொண்டிருக்கும். அதனால் நான் பரிந்துரைப்பது சீரியல் சர்வர் என்ற சின்னப் பெட்டி. மோக்ஸா போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ஒரு பக்கம் லேன், மறுபக்கம் சீரியல். புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே கூரையில் வைத்து ஒரு குட்டிக் கேபிளால் இணைத்துவிட்டால், அந்தப் பழைய புரொஜெக்டரும் ஐபி முகவரி உள்ள ஒன்றாக ஆகிவிடும். உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு ஆறும் நெட்வொர்க் புரொஜெக்டர்கள்தான், இரண்டுக்கு மட்டும் வேறு சொற்கள்.

சீரியலும் இல்லையென்றால் மிச்சம் அகச்சிவப்பு ரிமோட்டைப் போலவே சமிக்ஞை விடும் பெட்டி. வேலை செய்யும், ஆனால் ஒரு வழிப் பேச்சு. நிலையைத் திரும்பக் கேட்க முடியாது. பல ரிமோட்டுகளில் இயக்கவும் அணைக்கவும் ஒரே பொத்தான் என்பதால், நிலை தெரியாமல் அழுத்தினால் எரிகிறதை அணைப்பீர்கள், அணைந்ததை எரிய விடுவீர்கள். அந்த நிலைக்கு வந்தால் அந்தப் புரொஜெக்டரை மாற்றுவதைப் பற்றி யோசிப்பேன்.

மென்பொருளுக்கு வருகிறேன். ஆறும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருந்தால், அந்த நிறுவனமே தரும் இலவச மேலாண்மை மென்பொருளை இறக்கி முதலில் பாருங்கள் என்றிருப்பேன். எப்சன், பானசோனிக், என்இசி எல்லோரிடமும் இருக்கிறது. உங்களுடையது கலவை என்பதால் பிட்ஃபோகஸ் கம்பேனியன் என்ற இலவச மென்பொருளைச் சொல்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ராஸ்பெர்ரி பையிலும் ஓடும். உலாவியில் பொத்தான் பலகையாகத் திறக்கும். பிஜேலிங்க் தொகுதி அதற்கு உண்டு, சீரியல் சர்வருக்கு வெறும் டிசிபி வரிகளை அனுப்பும் வசதியும் உண்டு. கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்தால் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டே இயக்கலாம். 'எல்லாம் இயக்கு', 'எல்லாம் அணை', 'எல்லாம் மறை' என்று மூன்று பெரிய பொத்தான், கீழே ஆறு சின்னப் பொத்தான், ஒவ்வொன்றும் நிலைக்கேற்ப நிறம் மாறுவது. தினமும் கூடத்தைத் திறக்கிறவருக்கு இதற்கு மேல் காட்ட வேண்டாம். கால அட்டவணைப்படி தானாக நடப்பதற்கு மேலே சொன்ன ஸ்கிரிப்ட்டை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலோ லினக்ஸின் கிரானிலோ போட்டுவிடலாம். அந்தக் கணினி தூங்கிவிடாதபடி அதன் அமைப்பை மாற்ற மறக்காதீர்கள். அது தூங்கினால் அன்று கூடம் எழாது.

கிரெஸ்ட்ரான், ஏஎம்எக்ஸ், எக்ஸ்ட்ரான் போன்றவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள் வீண் என்று சொல்ல மாட்டேன். விளக்கு, திரைச்சீலை, ஒலி எல்லாம் சேர்ந்த பெரிய அரங்கில், பராமரிக்க ஒப்பந்தக்காரர் இருக்கும் இடத்தில் அவை தங்கள் விலைக்கு வேலை செய்யும். ஆறு புரொஜெக்டருக்குத் தேவையில்லை.

நெட்வொர்க்கில் சுருக்கமாக: ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் நிலையான ஐபி முகவரி கொடுங்கள். ரூட்டரே கொடுக்கட்டும் என்று விட்டால் ஒரு நாள் மின்தடைக்குப் பிறகு மூன்றாம் எண் ஐந்தாம் எண்ணாக மாறியிருக்கும். பார்வையாளர்களுக்கான வைஃபையிலிருந்து இவற்றைப் பிரித்துத் தனி ஸ்விட்சிலோ விஎல்ஏஎன்னிலோ (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வையுங்கள். பிஜேலிங்க்கில் கையொப்பத்துக்குப் பின் கட்டளைகள் மறைக்கப்படாமல் திறந்தே போகின்றன, எம்டி5யும் இன்றைக்கு வலுவான பூட்டு இல்லை. வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்பதற்காக ரூட்டரில் 4352ஐ வெளியுலகுக்குத் திறந்து விடாதீர்கள். விபிஎன் (வெளியிலிருந்து வரும் பூட்டிய தனி வழி) வழியாகக் கூடத்துக் கணினிக்கு வந்து, அங்கிருந்து இயக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையெல்லாம் சரியாகச் செய்து முடித்த முதல் வாரத்திலேயே இது வரும். படங்களும் ஒரே கணினியிலிருந்துதான் போகின்றன என்றால், புரொஜெக்டர் அணைந்ததும் 'ஒரு திரை போய்விட்டது' என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளலாம். அந்தத் திரையிலிருந்த சாளரங்களை எடுத்து முதல் திரையில் குவிக்கும். காலையில் ஆறும் வெவ்வேறு வேகத்தில் எழும்போது, எது முதலில் தலை காட்டியதோ அதற்கேற்ப வரிசை மாறவும் கூடும். மூன்றாவது சுவரில் வர வேண்டிய படம் ஐந்தாவது சுவரில் ஓடும். புரொஜெக்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் அடையாளத் தகவலுக்கு இடிஐடி என்று பெயர். அது வந்து வந்து போவதுதான் காரணம். எளிய மருந்து, கணினியின் எச்டிஎம்ஐ துளையில் இடிஐடியைப் போலி செய்யும் சின்னக் கருவியைச் செருகி அதிலிருந்து கேபிளைக் கொண்டுபோவது. புரொஜெக்டர் தூங்கினாலும் அது 'திரை இங்கேயே இருக்கிறது' என்று கணினியிடம் சொல்லிக்கொண்டிருக்கும். தொழில்முறை கிராபிக்ஸ் அட்டை என்றால் இந்தத் தகவலை அதன் அமைப்புப் பக்கத்திலேயே சேமித்து நிலைநிறுத்தும் வசதி இருக்கலாம். முதலில் அதைத் தேடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால், புரொஜெக்டர்களை முதலில் எழுப்பி, ஆறும் 1 என்று சொன்ன பிறகே படம் ஓட்டும் மென்பொருளைத் திறக்கும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள்.

இனி டைமர். லேம்ப் வகைப் புரொஜெக்டர்களின் உள்ளே இருக்கும் பாதரச விளக்கு எரியும்போது அதற்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 200 மடங்கு வரை போகும். கட்டளை கொடுத்து அணைத்தால் விளக்கு அணைந்த பிறகும் விசிறி சுற்றி அதை ஆற்றும். பிஜேலிங்க்கில் 2 என்று வரும் நிலை அதுதான். டைமர் மின்சாரத்தை வெட்டினால் விசிறியும் சேர்ந்து நிற்கும், வெப்பம் உள்ளேயே தங்கும், லேம்ப்பின் ஆயுள் குறையும். சூடாக இருக்கும் விளக்கு உடனே மறுபடி பற்றவும் பற்றாது. சில மாடல்களின் கையேட்டில், நேரடியாக மின்சாரத்தை நிறுத்தலாம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். அவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. மின்சாரம் வந்ததும் தானாக எழும் அமைப்பும் பல மாடல்களில் உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால், நடுராத்திரி மின்தடை வந்து போன பிறகு ஆறும் எழுந்து விடியும்வரை எரியும். எனவே மெனுவுக்குள் போகிறபோது அதையும் அணைத்துவிடுங்கள். இரவு முழு மின்சாரத்தையும் நிறுத்தியே ஆக வேண்டிய இடமென்றால், ஆறும் 0 என்று பதில் சொன்ன பிறகு ஸ்கிரிப்ட்டே ரிலேயை (கணினி இயக்கும் மின் சுவிட்ச்) விழ வைத்து மின்சாரத்தை நிறுத்தட்டும்.